பழைய கார்டு, புது பார்ட்னர்: எட்டு வருஷம் கழித்து மறுபடி கடலுக்குள்

ஸ்கூபா கற்றுக்கொண்டு, கார்டும் வாங்கி, அப்புறம் குழந்தை, வேலை, வீட்டுக்கடன் என்று வருஷக்கணக்கில் கடல் பக்கமே போகாதவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் யாராவது மறுபடி போகலாம் என்று நினைத்தால், அதுவும் பழைய துணை இல்லாமல் புதிதாக ஒருவரோடு போகலாம் என்று நினைத்தால், இது அவர்களுக்காக. முதல் முறை டைவ் செய்கிறவர்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். திரும்பிப் போகிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை. 'கார்டு இருக்குல்ல, அப்புறம் என்ன' என்று விட்டுவிடுகிறார்கள்.

எனக்குத் தண்டையார்பேட்டை. ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. 2013-ல் கணவரோடு அந்தமான் போயிருந்தபோது ஹேவ்லாக் தீவில் இருவரும் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தோம். 18 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்கிற ஆரம்பக் கார்டு. அதற்குப் பிறகு மூன்று வருஷம் காசு சேரும்போதெல்லாம் புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ ஓடினோம். 2016-க்குப் பிறகு நின்றுபோனது. மகள் பிறந்தாள். கணவருக்கு இடது காதில் சீழ் வைத்து, செவிப்பறைக்கு ஆபரேஷன் ஆனது. இனிமேல் தண்ணீருக்கு அடியில் போகிற வேலையே வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். மகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு, 'நீயாவது போயிட்டு வா' என்று அவரே ஆரம்பித்துவைத்தார்.

முதலில் கார்டு பற்றி. ஆரம்பநிலைக் கார்டு காலாவதி ஆவதில்லை. எத்தனை வருஷம் ஆனாலும் செல்லும். இது வசதி போலத் தோன்றும், ஆனால் அந்தக் கார்டு சொல்வதெல்லாம் ஒரு காலத்தில் நமக்கு இது தெரிந்திருந்தது என்பது மட்டும்தான். ஒழுங்கான டைவ் சென்டராக இருந்தால், கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று கேட்பார்கள், வருஷக்கணக்கில் இடைவெளி என்றால் குளத்தில் ஒரு ரிஃப்ரெஷர், அதாவது மறுபயிற்சி, எடுக்கச் சொல்வார்கள். கேட்காத இடமாக இருந்தால் அதுவே ஒரு தகவல். அதோடு ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதயம், காது ஆபரேஷன், ரத்த அழுத்தம் என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். குறிப்பிட்ட சில கேள்விகளுக்கு 'ஆம்' என்று போட்டால் டாக்டர் கையெழுத்து வேண்டும். இந்த எட்டு வருஷத்தில் எனக்கு பிரஷர் மாத்திரை சேர்ந்திருந்தது. எங்கள் தெருமுனை கிளினிக் டாக்டர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் எனக்குப் பழக்கமில்லம்மா, ஹார்ட் டாக்டர்கிட்ட போங்க' என்று அனுப்பிவிட்டார். ஈசிஜி, எக்கோ என்று அலைந்து கையெழுத்து வாங்குவதற்குள் நாள் ஓடிவிட்டது. அதனால் தேதி குறிப்பதற்கு முன்பே படிவத்தை வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். படகுத்துறையில் நின்றுகொண்டு அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பரணில் கிடந்த சாமான்கள். எங்கள் தெருவில் ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்காவிட்டால் பொரிந்து கொட்டிவிடும், அப்படிப்பட்ட கடல் காற்று. பெட்டியைத் திறந்தால், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டர் மேல் பச்சைக் களிம்பு. வாயில் கடிக்கிற ரப்பர் பிய்ந்திருந்தது. காற்று நிரப்பி மிதப்பதற்கான பி.சி.டி. ஜாக்கெட்டின் உள்பை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஊதினால் பக்கவாட்டில் புஸ்ஸென்று காற்று போனது. காலில் மாட்டுகிற ஃபின் துடுப்பின் பட்டையை இழுத்ததும் அறுந்து கையோடு வந்தது. ரெகுலேட்டரையாவது காப்பாற்றலாம் என்று சர்வீஸுக்கு அனுப்பினேன். அந்த மாடலுக்கு உதிரிபாகம் வரவழைக்க வேண்டும் என்றார்கள், வரவழைத்தார்கள், மாட்டிப் பார்த்துவிட்டு 'காத்து நிக்காம வருது, நம்ப முடியாது' என்றார்கள். ஜாக்கெட் ஒட்டியது, சர்வீஸ், கூரியர், ஆழமும் நேரமும் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டருக்கு பேட்டரி என்று 9,800 ரூபாய் போனது. உருப்படியாக மிஞ்சியவை மாஸ்க்கும் கம்ப்யூட்டரும்தான். என்னைக் கேட்டால், ரெகுலேட்டர் வருஷா வருஷம் சர்வீஸ் பார்க்க வேண்டிய சாமான். எட்டு வருஷம் சும்மா கிடந்ததற்குச் செலவு செய்யாதீர்கள். சிலிக்கான் கெட்டிருக்காவிட்டால் முகத்துக்குப் பழகிய மாஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை வாடகைக்கு எடுங்கள். வாங்குவதையெல்லாம், நமக்கு இன்னும் இந்த ஆசை நிஜமாகவே இருக்கிறதா என்று இரண்டு மூன்று முறை இறங்கிப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இனி பார்ட்னர் கதை. ஸ்கூபாவில் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவரின் உபரி ரெகுலேட்டரில் மூச்சுவிட வேண்டும், அதற்காக. எனக்குக் கிடைத்தவர் காசிமேட்டுத் தம்பி ஒருவர். அவருடைய அம்மாவிடம்தான் நான் மீன் வாங்குவேன். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். துறைமுகத்தில் விசைப்படகுகளின் விசிறியில் வலையோ கயிறோ சுற்றிக்கொண்டால் மூச்சை அடக்கி உள்ளே போய் அறுத்துவிடுகிற வேலை. அந்தமானில் டைவ் கைடு வேலைக்குப் போனால் நல்ல சம்பளம் என்று யாரோ சொல்ல, கடன் வாங்கி ஓப்பன் வாட்டர் கோர்ஸை அப்போதுதான் முடித்திருந்தார். 'அக்கா, உனக்கும் ஆளு இல்ல, எனக்கும் ஆளு இல்ல, சேர்ந்தே போலாமே' என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை கூட இருந்தால் வேறென்ன வேண்டும் என்று வீட்டிலும் சொன்னார்கள்.

ரிஃப்ரெஷரை பெரம்பூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில் எடுத்தோம். தலைக்கு 5,500. சொல்லப்போனால் இந்த முழுச் செலவிலும் வீண் போகாத காசு இது ஒன்றுதான். மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சியில் நான் ஆடிப்போனேன். மூளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, உடம்புக்கு இல்லை. இடுப்பளவு தண்ணீர், எழுந்து நின்றால் தலை வெளியே. அப்படியிருந்தும் மூக்குக்குள் தண்ணீர் ஏறியதும் கை தானாக மாஸ்க்கைப் பிய்த்தெறியப் போனது. இன்ஸ்ட்ரக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, வாயால் மட்டும் மூச்சு விடும்படி சைகை காட்டிக்கொண்டே இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, வாயால் இழுத்து, மூக்கால் ஊதி, அது பிடிபடுவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. இது 14 மீட்டரில் நடந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

தம்பிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இன்ஸ்ட்ரக்டர் அவரைத்தான் அதிகம் கவனித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏனென்று புரியவில்லை. வெளியே வந்ததும் சொன்னார்: 'உன்கிட்டேர்ந்து குமிழியே வரலப்பா.' மூச்சை அடக்கித்தான் தம்பிக்குப் பழக்கம். ரெகுலேட்டர் வாயில் இருந்தாலும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்கிறார், காற்றும் மிச்சமாகிறது. ஸ்கூபாவில் இதைவிட ஆபத்தான பழக்கம் கிடையாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அது இரண்டு பங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். மூச்சை அடக்கி முங்குகிறவர் மேலே இழுத்த காற்றோடு போய் அதே காற்றோடு வருகிறார், அவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. சிலிண்டர் காற்றை ஆழத்தில் இழுத்தவருக்குத்தான். நல்ல நீச்சல்காரர், கடல்காரர் என்பதற்காக ஒருவரை நம்பி இறங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். தம்பி காதில் வாங்கிக்கொண்டார், ஆனால் முகம் வாடிவிட்டது. 'கடல்லயே பொறந்தவனுக்குக் கடலப் பத்திப் பாடம் எடுக்கிறாங்கக்கா' என்று பைக்கில் வரும்போது முணுமுணுத்தார்.

தண்ணீருக்குள் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டுகிற வெயிட் எவ்வளவு வேண்டும் என்று சரிபார்ப்பதையும் அங்கேயே செய்தோம். பழைய டைரியில் இருந்த கணக்கு இப்போது உதவாது. உடம்பு மாறிவிட்டது. ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல், மூச்சை இழுத்துப் பிடித்து மிதந்தால் தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். உப்புத் தண்ணீர் கூடுதலாகத் தூக்கும் என்பதால் குளத்துக் கணக்கோடு கடலுக்கு இரண்டு மூன்று கிலோ சேர்க்க வேண்டியிருக்கும். அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக ஏறக்குறைய இரண்டு கிலோ எடை குறையும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். இல்லையென்றால் டைவ் முடிகிற நேரத்தில், மேலே வருமுன் சற்று நிற்க வேண்டிய 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே தூக்கிக்கொண்டு போகும்.

முதலில் தேதி வாங்கியது நவம்பரில். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு டைவ் சென்டர், முன்பணம் 4,000. பணம் கட்டுகிற அன்றே தம்பி, 'வாடை அடிக்குதுக்கா, தண்ணி கலங்கிக் கிடக்கும், போறது வேஸ்ட்டு' என்றார். சென்டரில் கேட்டால், 'கன்ஃபார்ம் மேடம், நாங்க தினமும் போய்க்கிட்டுதான் இருக்கோம்' என்றார்கள். இரண்டு நாளில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். ஆபீசில் எங்களுக்குக் கூண்டு நம்பர்தான் முதல் செய்தி. பணம் திரும்பாது, வேறு தேதிக்கு மாற்றலாம் என்றார்கள். பிறகு போன் செய்தால் ரேட் மாறிவிட்டது, பழைய பணம் கழியாது என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் விட்டுவிட்டேன். நம் கரையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மழைத்தண்ணீர் ஆறுகள் வழியாகக் கடலில் கலக்கும், அலை தூக்கும், உள்ளே கை நீட்டினால் கை தெரியாது. அந்த மாதங்களில் முன்பணம் கேட்டால், வானிலையால் ரத்தானால் முழுப்பணம் திரும்பும் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள்.

ஏன் எங்கள் ஊர்க் கடலிலேயே இறங்கக் கூடாது என்று ஆபீசில் கேட்டார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையில் பல இடங்களில் கல் கொட்டி வைத்திருக்கிறது. வெளியே கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும், போகும் வரும். எண்ணூர் கழிமுகத்தில் சாம்பலும் ஆலைக் கழிவும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து ஓடியதைப் பார்த்தவர்கள் அந்தத் தண்ணீரில் காலை நனைக்கவே யோசிப்பார்கள். ஆகவே புதுச்சேரி.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். தம்பிக்கு வேலை இருக்காது. கடலில் இழுவலைத் தொல்லையும் இல்லை, தண்ணீரும் ஓரளவு தெளிந்திருக்கும். அந்தக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, வேறொரு சென்டரில், இரண்டு டைவுக்கு 7,000 கட்டினேன். தம்பி தனியாகக் கட்டினார். விடியற்காலை மூன்று மணிக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பிப் போனோம். படகில் எங்களோடு இன்னொரு ஜோடி, ஒரு கைடு. டீசல் புகையிலேயே எனக்குக் குமட்டல். இறங்குவதற்கு முன் ஒருவர் சாமானை மற்றவர் சோதிக்க வேண்டும் என்பது பாடம். கைடு, 'ரெண்டு பேருக்கும் கார்டு இருக்குல்ல, நீங்க ஜோடி, என் பின்னாலயே வாங்க' என்று சொல்லிவிட்டு மற்ற ஜோடியைக் கவனிக்கப் போய்விட்டார். 'கீழ எத பாக்கலாம்' என்று ஐந்து நிமிஷம் பேசினார். ஒருவரையொருவர் தவறவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

கயிற்றைப் பிடித்து இறங்க ஆரம்பித்தோம். முதல் பத்து மீட்டரில்தான் அழுத்தம் வேகமாக மாறும், காதுக்கு அங்கேதான் சோதனை. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி ஊதி இறங்க வேண்டும். வலி வந்த பிறகு ஊதினால் திறக்காது, ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். எனக்கு நாலு மீட்டரிலேயே வலது காது அடைத்தது. தம்பியோ சின்ன வயதிலிருந்து முங்கிப் பழகியவர், கல் மாதிரி கீழே போய்விட்டார். நான் என் காது மடலைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அது நானும் என் கணவரும் எங்களுக்குள் வைத்திருந்த சைகை: கொஞ்சம் நில். தம்பிக்கு அது என்ன தெரியும்? அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, 'ஓகே' என்று காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். எப்படியோ காது திறந்து, வலியோடு 14 மீட்டருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கீழே ஐந்து மீட்டர் தூரம்தான் பார்வை. பாறையோரம் ஒரு பெரிய களவா மீன் வாயைத் திறந்துகொண்டு நின்றது. தம்பி என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். தரையில் அதற்கு 'சூப்பர்' என்று அர்த்தம். தண்ணீருக்கு அடியில் 'மேலே போகலாம், டைவ் முடிந்தது' என்று அர்த்தம். அது கட்டளை மாதிரி, ஏன் என்று கேட்கக் கூடாது. அவருக்கு ஏதோ பிரச்சினை என்று நினைத்து நானும் விரலை உயர்த்திக் காட்டிவிட்டு மெல்ல ஏற ஆரம்பித்தேன். 9 மீட்டரில் பக்கத்தில் பார்த்தால் ஆள் இல்லை. கீழே பார்த்தால் பச்சைக் கலங்கல். கைடும் இல்லை, கயிறும் இல்லை. சிலிண்டரில் மிச்சமிருக்கிற காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற கேஜில் 110 பார் இருந்தது, காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நெஞ்சு அடித்த அடியில் அது எவ்வளவு நேரம் வரும் என்று தெரியவில்லை.

தவறவிட்டால் ஒரு நிமிஷம் சுற்றிப் பார்க்க வேண்டும், காணவில்லையென்றால் நிதானமாக மேலே போய்விட வேண்டும், மற்றவரும் அதையே செய்வார், மேலே சந்தித்துக்கொள்ளலாம் என்பதுதான் விதி. குளத்தில் இன்ஸ்ட்ரக்டர் இதைச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரில் நொடியைப் பார்த்துக்கொண்டே ஒரு வட்டம் சுற்றினேன். அப்புறம் நிமிஷத்துக்கு 9 மீட்டர் என்ற வேகத்துக்கு மேல் போகாமல், மூச்சை விட்டுக்கொண்டே ஏறினேன். தலை வெளியே வந்ததும் ஜாக்கெட்டை ஊதினேன். படகு தெற்கே வெகு தூரத்தில், அலை ஏறும்போது தெரிகிறது, இறங்கும்போது மறைகிறது. கத்தினேன். விசில் அடிக்கலாம் என்று ஜாக்கெட்டைத் தடவினால், வாடகை ஜாக்கெட்டில் விசில் கட்டுகிற நூல் மட்டும் தொங்கியது. ஊதினால் நிமிர்ந்து நிற்கிற ஆரஞ்சு மிதவைக் குழாய் கைடிடம் ஒன்றுதான், அவர் கீழே.

எவ்வளவு நேரம் என்று கம்ப்யூட்டரில் பார்த்திருக்கலாம், பார்க்கத் தோன்றவில்லை. மாஸ்க்கைக் கழற்றவில்லை, ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கவில்லை, அலை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. மூக்கடியில் மாஸ்க்குக்குள் லேசாக ரத்தம் கலந்த சளி. முதலில் தம்பிக்கு ஏதாவது ஆகியிருக்குமோ, அவர் அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயம். அப்புறம் அவர்மேல் கோபம். அப்புறம் வெட்கமில்லாமல் சொல்கிறேன், மகளுக்கு மறுநாள் ஸ்கூலுக்குப் பணம் கட்ட வேண்டும், அந்த பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து அழுதேன்.

படகு என்னை நோக்கித் திரும்பியதற்குக் காரணம் தம்பிதான். என்னைக் காணாமல் கீழேயே தேடியிருக்கிறார், காற்று 50 பார் ஆனதும் கைடு மேலே இழுத்து வந்திருக்கிறார். படகோட்டி இறங்கின கயிற்றைச் சுற்றியே தேடிக்கொண்டிருக்க, தம்பி தண்ணீரைப் பார்த்துவிட்டு, 'தண்ணி வடக்க ஓடுது, அக்கா அங்கதான் போயிருக்கும், வடக்க விடு' என்று சொல்லியிருக்கிறார். கோடையில் நம் கரையோரம் நீரோட்டம் வடக்கு நோக்கித்தான். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து விரிந்ததும், வடக்கே எங்கள் பக்கம் மணல் வராமல் கரை அரித்துக்கொண்டு போனதும் இதே வடக்கத்தி ஓட்டத்தால்தான். எனக்கு அது செய்தித்தாளில் படித்த விஷயம், அந்தப் பிள்ளைக்குக் கண்ணால் பார்க்கிற விஷயம்.

இரண்டாவது டைவ் நான் போகவில்லை. அதற்கான பணத்தைக் கேட்டதற்கு, 'நீங்களாதானே மேடம் வேணாம்னீங்க' என்றார்கள். ஊர் திரும்பி மறுநாளும் காது திறக்கவில்லை, சொந்தக் குரலே பானைக்குள்ளிருந்து வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர், செவிப்பறை சிவந்து பின்னால் ரத்தம் கட்டியிருக்கிறது, கிழியவில்லை, முழுக்க ஆறும்வரை தண்ணீருக்குள் போகக் கூடாது என்றார். டாக்டர், பரிசோதனை, மருந்து எல்லாம் 2,300. ஆக மொத்தம் 28,600 ரூபாய் செலவழித்து நான் கடலுக்குள் இருந்தது அரை மணி நேரம்கூட இல்லை.

தம்பி நாலைந்து நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்புறம் ஒருநாள் அவர் அம்மாவே கூட்டிக்கொண்டு வந்தார். டீ குடித்துக்கொண்டே பேசியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. துறைமுகத்தில் விசிறியில் வலை அறுக்கும்போது தண்ணீர் கறுப்பாக இருக்கும், கண்ணுக்கு வேலையே இல்லை, கை தடவலில்தான் எல்லாம். இடுப்பில் ஒரு கயிறு, மேலே ஒருவர் அதன் முனையைப் பிடித்திருப்பார். ஒரு இழுப்பு என்றால் ஒன்று, இரண்டு இழுப்பு என்றால் இன்னொன்று. 'கூட ஒரு ஆளு கீழ இருக்கும், அத திரும்பித் திரும்பிப் பாக்கணும்னு உடம்புக்கே தெரியலக்கா' என்றார். எனக்கோ, திரும்பினால் என் கணவர் கை எட்டுகிற தூரத்தில் இருப்பார், காதைத் தொட்டால் நிற்பார் என்றுதான் உடம்பு பழகியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பழைய துணையோடு இறங்கியிருக்கிறோம். எனக்கு அவர், தம்பிக்கு அந்தக் கயிறு. கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் தெரிந்திருக்கும், பேச வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, சைகை எல்லாம் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

அதற்குப் பிறகு மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தோம். துணி காயப்போடும் கொடிக்கு அடியில், மாஸ்க் போட்டுக்கொண்டு, வாய் பேசாமல். பக்கத்து வீட்டு மாமி வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். என் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தப்பு சொன்னார், அவருக்கு ஏக குஷி. காது என்றால் காதைச் சுட்டிக்காட்டி, கையைத் தட்டையாக வைத்து இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். கட்டை விரல் மேலே போவதற்கு மட்டும். நன்றாக இருக்கிறது என்றால் விரல் வளையம். காற்று எவ்வளவு என்று நான் கேட்டால் அவர் விரலில் காட்ட வேண்டும், காட்டாமல் தலையாட்டக் கூடாது. ஒருவர் பின்னால் ஒருவர் போவதில்லை, பக்கத்தில் பக்கத்தில்தான், கை நீட்டினால் தொட வேண்டும். இறங்கும்போது மெதுவாக இறங்குகிறவர் வைத்ததுதான் வேகம், என் காது திறக்காமல் அவர் என்னைவிட ஒரு மீட்டர்கூடக் கீழே போகக் கூடாது. 100 பாரில் திரும்புவது, 50 பாரோடு மேலே இருப்பது. தவறவிட்டால் ஒரு நிமிஷம், அப்புறம் இரண்டு பேரும் மேலே, எந்தக் காரணத்துக்கும் கீழே தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் தம்பி சீக்கிரம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளை விட்டுவிட்டு மேலே போவது அவருக்கு மனசு கேட்கவில்லை. நான் மேலே மிதந்துகொண்டிருக்கும்போது நீ கீழே தேடினால் யாருக்கு லாபம் என்று கேட்டதும் பேசாமல் இருந்தார்.

ஆளுக்கொரு மிதவைக் குழாயும் விசிலும் வாங்கிவிட்டோம். விசில் ஐம்பது ரூபாய், அதையும் சென்டரின் ஜாக்கெட்டில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அறுந்த வலைகள் கீழே கிடப்பதால் சின்னக் கத்தி ஒன்றும் தம்பியிடம் இருக்கிறது, அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. டைவ் சென்டருக்கு போன் செய்யும்போது ரேட்டுக்கு முன்னால் இப்போது நான் கேட்பது வேறு: ஒரு கைடுக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, நாங்கள் இறங்கியிருக்கும்போது மேலே தண்ணீரைக் கவனிக்க ஒருவர் தனியாக இருப்பாரா, புது ஜோடிக்கு முதல் டைவை 10 மீட்டர் ஆழத்தைத் தாண்டாமல் கொடுப்பீர்களா. ஒரு இடத்தில், 'இவ்ளோ பயம்னா ஏன் மேடம் வர்றீங்க' என்றார்கள். அந்த நம்பரை அழித்துவிட்டேன்.

காது ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்வதற்குள் தடைக்காலம் முடிந்து தம்பி வேலைக்குப் போய்விட்டார். செப்டம்பரில் ஒரு தேதி பேசியிருக்கிறோம், ரத்தானால் பணம் திரும்பும் என்று எழுதி வாங்கியாயிற்று. முதல் டைவுக்கு இரண்டு பேரையும் ஒரு சின்னக் கயிற்றால் கட்டிக்கொள்ளலாமா என்று தம்பி கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பெரம்பூர் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டால், கலங்கல் தண்ணீரில் அப்படிக் கட்டிக்கொள்கிற வழக்கம் நிஜமாகவே உண்டு, ஆனால் அறுந்த வலை கிடக்கிற இடத்தில் அது சிக்கிக்கொள்ளும், அங்கே வேண்டாம் என்றார். குளத்தில் மட்டும் ஒருநாள் கட்டிப் பார்க்கப்போகிறோம்.